மினிமம் டியூவிலிருந்து வெளியே வந்த வழி

கிரெடிட் கார்டு ஸ்டேட்மெண்டில் இரண்டு தொகை இருக்கும்: மொத்த பாக்கியான டோட்டல் டியூ, குறைந்தது இவ்வளவாவது கட்ட வேண்டும் என்கிற மினிமம் டியூ. சின்னதைக் கட்டினால் லேட் ஃபீ விழாது, நம் கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் சிபிலிலும் தாமதம் என்று பதியாது. அதனால்தான் மீதியை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றிவிடுகிறது. தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் விபரீதம் தெரியும்.

ஜூன் 16 அன்று 20,000 ரூபாய்க்கு ஃபிரிட்ஜ் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். பில் தேதி ஜூலை 15, கட்டக் கடைசி நாள் ஆகஸ்ட் 4. வட்டி மாதம் 3.5 சதவீதம், ஆண்டுக்கு 42. கடைசி நாளன்று முழுதும் கட்டினால் வட்டி ஒரு பைசா கிடையாது. 1,000 ரூபாய் மினிமம் மட்டும் கட்டினால் அந்த 49 நாள் சலுகையே போய்விடும். மீதி 19,000-க்கு ஆகஸ்ட் 4-லிருந்துதானே வட்டி என்று நினைப்போம். இல்லை, முழு 20,000-க்கும் ஜூன் 16-லிருந்தே போடுவார்கள். 49 நாளுக்கு 1,128 ரூபாய். அதன்பின் 19,000-க்கு ஆகஸ்ட் 15 பில் வரை 11 நாளுக்கு 240. இரண்டும் சேர்த்து 1,368, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 246. கட்டியது ஆயிரம், ஏறியது 1,614. அடுத்த பில்லில் பாக்கி 20,614.

அதோடு, பாக்கி நிற்கும் வரை அந்தக் கார்டில் வாங்கும் மளிகைக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது என்று 2008-இல் தேசிய நுகர்வோர் ஆணையம் சொன்னது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. ஆகவே சட்டம் வந்து காப்பாற்றும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

முதல் வேலை, அந்தக் கார்டைத் தொடாமல் இருப்பது. பர்ஸிலிருந்து எடுத்து வைத்தால் மட்டும் போதாது. ஓடிடி சந்தா, மொபைல் ரீசார்ஜ், யுபிஐ ஆப்பில் இணைத்த ரூபே கார்டு என்று எங்கெல்லாம் அது ஒட்டிக்கொண்டிருக்கிறதோ அங்கெல்லாம் எடுத்துவிட வேண்டும். வங்கிக் கணக்கில் ஆட்டோ பே போட்டிருந்தால் அது மினிமமா, டோட்டலா என்று பாருங்கள். மினிமத்தில் விட்டுவிட்டு, ஒழுங்காகப் பணம் போகிறதே என்று நிம்மதியாக இருப்பவர்கள் நிறைய.

மொத்தமாகக் கட்டப் பணம் இல்லையென்றால் கடனை இடம் மாற்றுவதுதான் வழி. வீட்டில் சும்மா இருக்கும் நகைக்கு வங்கியில் கடன் வாங்கினால் வட்டி இதில் பாதிகூட வராது. நான் முதலில் சொல்வது அதைத்தான். அடுத்தது, கடைசி நாளுக்கு முன்பே பாக்கியை இஎம்ஐயாக மாற்றுவது. கேட்க வேண்டியவை மூன்று: ஆண்டு வட்டி எவ்வளவு, பிராசசிங் ஃபீ எவ்வளவு, முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா. மாதா மாதம் வட்டிப் பகுதிக்கு ஜிஎஸ்டியும் சேரும். வசூல் ஆட்கள் பேசும் ‘செட்டில்மெண்ட்’ வேறு. பாதியைக் கட்டி முடித்தாலும் சிபிலில் ‘செட்டில்ட்’ என்று பதிவாகும். பிறகு வீட்டுக் கடன் கேட்கும்போது அது குறுக்கே நிற்கும்.

முழுதும் அடைத்த பிறகு எல்லோரும் திகைக்கும் இடம் ஒன்று உண்டு. 20,614-ஐ செப்டம்பர் 4 அன்று கட்டியாயிற்று. ஆனால் செப்டம்பர் பில்லில் சுமார் 500 ரூபாய் வந்து நிற்கும். ஆகஸ்ட் 15-லிருந்து பணம் கட்டிய நாள் வரை ஓடிய 20 நாள் வட்டியும் ஜிஎஸ்டியும்தான் அது. தவறான பில் என்று நினைத்து விட்டுவிட்டால் பழைய கதை மறுபடி தொடங்கும். அதையும் கட்டி, அடுத்த ஸ்டேட்மெண்ட் பூஜ்யம் என்று வரும் வரை கடன் முடியவில்லை.

கார்டே வேண்டாம் என்றால் அந்தப் பூஜ்யம் வந்த பிறகு மூடச் சொல்லுங்கள். போனில் மட்டும் பேசாமல் மின்னஞ்சலிலும் கேளுங்கள், தேதி பதிவாகும். பாக்கி இல்லாத கார்டை 7 வேலை நாளுக்குள் மூட வேண்டும், தவறினால் நாளுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2022 உத்தரவு. கஸ்டமர் கேரில் ‘ஆயுட்காலம் முழுக்க இலவசம், ஏன் மூடுகிறீர்கள்’ என்று இழுக்கும்போது இந்த விதியைச் சொன்னால் பேச்சு சுருங்கிவிடும். மூடியதற்கான மின்னஞ்சலையும் பாக்கி இல்லை என்று சொல்லும் நோ டியூ கடிதத்தையும் சேமித்து வையுங்கள்.

ஒரு மாதம் கழித்து சிபில் அறிக்கையை எடுத்துப் பாருங்கள், ஆண்டுக்கு ஒரு முறை இலவசம். ‘குளோஸ்ட்’, பாக்கி 0 என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் வங்கிக்கு எழுத்தில் புகார். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரியான ஒம்புட்ஸ்மேனிடம் ஆன்லைனில் போகலாம், கட்டணம் கிடையாது. முதல் புகாரின் எண்ணையும் தேதியையும் அங்கே கேட்பார்கள்.