பதினெட்டுத் துளைத் தட்டு

ஏப்ரல் 17, 2025
அப்பாவின் பழைய காரில், பிளக்குகளுக்கு முறைவைத்துப் பொறி அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரில், பாயின்ட் என்ற ஸ்விட்சுக்குப் பதில் காந்த சென்சார் வைக்கிறேன். அதற்கான வளையம் கைக்கு வந்துவிட்டது. தண்டோடு சுழலும் கேமின் நாலு முனையிலும் பிடித்து இறுக்கமாக உட்காருகிறது. மேலே பொறியைப் பிரித்துவிடும் ரோட்டருக்கும் இடம் விட்டு எவ்வளவு அளவாகக் கடைந்திருக்கிறார் மாமா! விளிம்பில் நாலு குழி, குழிக்கு ஒரு காந்தம், அரால்டைட் போட்டாயிற்று. நாலுக்கும் தெற்கு முனை வெளியே. இந்த சென்சாருக்கு அந்த முனைதான் தெரியும். அலுமினியம் என்பதால் காந்தத்துக்கு இடைஞ்சல் இல்லை. காயும் வரை தொடக்கூடாது. நாலு தடவை போய்ப் பார்த்துவிட்டேன்.

ஏப்ரல் 18
பாயின்ட்டும் கண்டன்சரும் கழற்றியாயிற்று. பாயின்ட் இடைவெளி பார்க்க, 15 தவு (அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து) கேஜை வைத்துக்கொண்டு அப்பா ஞாயிற்றுக்கிழமைதோறும் குனிந்து நின்ற இடம் அது. கேஜைத் துடைத்து டப்பாவில் வைத்தேன்.
வளையத்தையும் சென்சாரையும் மாட்டினேன். முதல் சாவியிலேயே வண்டி பிடித்தது. ஆனால் ஐடிலில், வண்டி நின்றபடி ஓடும்போது, ஒரு குலுக்கல்.

ஏப்ரல் 19
குலுக்கல் போகவில்லை. பிளக், ஒயர், கார்புரேட்டர் எல்லாம் பார்த்தாயிற்று.

ஏப்ரல் 20
டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி மேஜையில் வைத்து, தண்டில் முள்ளும் கீழே பாகைமானியும் கட்டி, சென்சாரில் ஒரு எல்இடி மாட்டினேன். மெல்ல மெல்லத் திருப்பி, விளக்கு எரியும் இடத்தையெல்லாம் குறித்தேன். 0, 90, 181.5, 271.5. கடைசி இரண்டும் 180, 270 ஆக இருக்க வேண்டும். மூன்று தடவையும் அதேதான்.
தண்டு ஆடுகிறதோ என்று டயல் கேஜ் வைத்தேன். ஆட்டமே இல்லை, கன்மெட்டல் புஷ்ஷை மாமா மார்ச்சில்தான் மாற்றினார். வளையத்தைக் கால் சுற்றுத் திருப்பி மாட்டினால் தப்பும் கூடவே நகர்கிறது. வளையம்தான்.
எஞ்சினின் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் இந்தத் தண்டு ஒரு சுற்று. தண்டில் ஒன்றரை டிகிரி என்றால் கிராங்கில் மூன்று. இந்த எஞ்சினில் பொறி 1-3-4-2 வரிசை, ஆகவே நாலாவதும் இரண்டாவதும் தாமதம். டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பிச் சரிக்கட்டவும் வழியில்லை, திருப்பினால் நாலும் சேர்ந்தே நகரும்.

ஏப்ரல் 21
மாமாவிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 22
தூக்கமே இல்லை. மாமா நாலு குழியையும் பிரித்தது டிவைடிங் ஹெட்டில், ஜாபை அளந்து திருப்பும் கருவி. அதில் கைப்பிடி நாற்பது சுற்று சுற்றினால்தான் ஜாப், அதாவது வளையம், ஒரு சுற்று. தொண்ணூறு டிகிரிக்குச் சரியாகப் பத்துச் சுற்று, பிறகு கைப்பிடியின் ஊசி துளைத் தட்டில் அதே துளையில் விழ வேண்டும். அன்றைக்கு மாட்டியிருந்தது பதினெட்டுத் துளை வரிசை, துளைக்கு அரை டிகிரி. அப்படியானால் மூன்று துளை தள்ளி விழுந்திருக்கிறது, அதிலிருந்தே அடுத்த பத்தையும் எண்ணியிருக்கிறார். தொடங்கும் துளைக்குச் சிவப்புப் பெயின்ட் பொட்டு வைப்பது அவர் வழக்கம்.
அன்றைக்கு டார்ச் பிடித்து நின்றவன் நான். "மாப்ள, லைட்ட இன்னும் கிட்டக் காட்டு" என்று எத்தனை தடவை சொன்னார்! தட்டில் மூக்கு படும் அளவுக்குக் குனிந்தார். டியூப்லைட் மங்கல் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு முன்னால் பொங்கலுக்கு வந்தபோது வாசல் படியைத் தடவித் தடவி ஏறினாரே, அன்றைக்காவது கேட்டிருக்க வேண்டாமா?

ஏப்ரல் 23
புதூரில் மாமா பட்டறைக்குப் போனேன். கோணங்களைக் குறித்த தாளை நீட்டினேன். தூரத்தில் வைத்துப் பார்த்தார், பக்கத்தில் வைத்துப் பார்த்தார், "நீயே வாசி" என்றார். வாசித்தேன்.
லேத்தை நிறுத்தினார். "மூணு துளை." அவராகவே சொன்னார். பிறகு ரொம்ப நேரம் கழித்து, "செவப்பு எனக்குப் பழுப்பாத்தான்டா தெரியுது மாப்ள."

ஏப்ரல் 24
அரவிந்த் கண் ஆஸ்பத்திரி. மாமாவுக்கு ரெண்டு கண்ணிலும் புரை. வலது முதலில்.

ஏப்ரல் 27
பாயின்ட்டைத் திரும்ப மாட்டினேன். 15 தவு. மாமாவை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போக வண்டி வேண்டும். பட்டறைப் பையன், "வேற வளையம் நான் போட்டுத் தர்றேண்ணே" என்கிறான். நல்ல கைதான். வேண்டாம் என்றுவிட்டேன்.

மே 2
முடிந்தது. அத்தை அழுதுகொண்டே சிரித்தாள்.

மே 3
கட்டுப் பிரித்தார்கள். திரும்பி வரும்போது முன் சீட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை. கோரிப்பாளையம் சிக்னலில் மட்டும், "ரெண்டாவதுதான் இன்னும் லேட்டா எரியுதோ?" என்றார். அந்த வளையம் என் சட்டைப் பையில் இருந்தது. இல்லை மாமா, இது பாயின்ட் என்றேன்.

மே 11
எதிர்சேவை, கள்ளழகரை மதுரை எதிர்கொள்ளும் நாள். தல்லாகுளத்துச் சத்தம் வீடு வரை கேட்கிறது. தண்ணீர் பீச்சுவார்கள், கண்ணில் பட்டுவிடக்கூடாது என்று அத்தை கதவையே சாத்திவிட்டாள். மாமா கறுப்புக் கண்ணாடியோடு கட்டிலில் இருந்தார். அந்தத் தட்டை எடுத்து வா என்று காலையிலேயே போன் போட்டிருந்தார், துணியில் சுற்றிக் கொண்டுபோனேன். மடியில் வைத்து இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டார். விரல் வைக்காமல் பதினெட்டையும் எண்ணினார். பெயின்ட் பொட்டில் நின்றார்.
அந்த அலுமினியக் கம்பியில் இன்னும் மூன்று அங்குலம் மிச்சம் இருக்கிறதாம்.