ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே

17 பிப்ரவரி 2024, சனி

திருமணமான புதிதில் இந்தத் திருவல்லிக்கேணி வீடு எங்கள் இருவருக்கும் தாராளமாகவே இருந்தது. இப்போது ஒன்பது மணிக்கே விளக்கை அணைக்கச் சொல்லும் மாமனாரும், நள்ளிரவு நெருங்கும்வரை படிக்கவேண்டிய மகளும் ஒரே கூடத்தில் ஒருவரையொருவர் சகித்துக்கொள்கிறார்கள். பார்த்தசாரதி கோயிலும் கடற்கரையும் நடக்கும் தொலைவில் இருப்பது பேறுதான். ஆனால் கடைசியாகக் கடற்கரைக்கு எப்போது போனோம் என்று கேட்டால் வீட்டில் யாருக்கும் நினைவில்லை. இதே பகுதியில் இரண்டு படுக்கையறை உள்ள வீடு ஒன்றை விசாரித்தோம். குடியிருப்புகளுக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது என்பது 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம். தரகரோ பத்து மாதம் என்றார், பேரத்துக்கு இடமில்லை என்றும் சேர்த்துக்கொண்டார்.

10 மார்ச் 2024, ஞாயிறு

சென்னைக்குத் தெற்கே, தாம்பரத்தைத் தாண்டியுள்ள ஊரப்பாக்கத்தில் வீடு பார்த்தோம். நகரம் தனக்கு இடம் போதாமல் போனபோதெல்லாம் எதையாவது இந்த ஜி.எஸ்.டி. சாலை (கிராண்ட் சதர்ன் டிரங்க் சாலை) வழியாகத் தெற்கே அனுப்பிவந்திருக்கிறது என்பது வண்டியில் போகும்போதுதான் உறைத்தது. ஜார்ஜ் டவுனில் இருந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-இல் தாம்பரத்துக் காட்டுப்பகுதிக்குப் போனது. 1855-இல் தொடங்கி, பின்னர் சென்ட்ரல் நிலையத்துக்கு அருகில் நெடுங்காலம் இருந்த உயிரியல் பூங்கா 1985-இல் வண்டலூருக்குப் போனது. வெளியூர்ப் பேருந்துகளோ பாரிமுனையிலிருந்து 2002-இல் கோயம்பேட்டுக்கு நகர்ந்து, அங்கும் நெரிசல் தாங்காமல் சென்ற டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் முனையத்துக்கு வந்துசேர்ந்திருக்கின்றன. கல்லூரிக்கும் புலிகளுக்கும் கிடைத்த காற்றோட்டம் நமக்கும் கிடைக்கட்டுமே என்றார் கணவர்.

வீட்டைவிடத் தெருவைத்தான் அதிக நேரம் பார்த்தேன். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி, இங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை மறக்க முடியாது. ஆகவே உரிமையாளரிடம் கேட்காமல், எதிர்வீட்டு அம்மாவிடம் சென்ற டிசம்பர் மழைக்குத் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டேன். “தெருமுனை வரைக்கும் வந்தது, வாசப்படி ஏறலை” என்றார். சமையலறை மேடை, அலமாரி, தரைக்கல் ஆகியவற்றைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை, அவையெல்லாம் பழகிவிடும்.

26 மே 2024, ஞாயிறு

குடிவந்துவிட்டோம். அங்கே கொடுத்துவந்த வாடகைக்கே இங்கே இரண்டு படுக்கையறைகளும் மொட்டைமாடியில் பாதியும் கிடைத்திருக்கின்றன. பாதாளச் சாக்கடை எங்கள் தெருவுக்கு வரவில்லை. தொட்டி நிறைந்தால் லாரியை அழைக்கவேண்டும், அதன் செலவு வாடகையில் சேராது. மாமனாருக்கு மட்டும் மனமில்லை. செய்தித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு வாதிடுவதற்கு அங்கே நண்பர்கள் இருந்தார்கள், இங்கே எல்லோரும் காலையில் வேலைக்குப் போய்விடுகிறார்கள் என்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. புறநகரின் பகல் வேலைக்குப் போகாதவர்களைக் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை.

12 ஜூன் 2024, புதன்

பள்ளிகள் திறந்துவிட்டன. மகள் தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிறாள். படிக்கிறாள் என்றே வைத்துக்கொள்வோம். என் அலுவலகம் பாரிமுனையில் இருப்பதால் கடற்கரை நிலையம் வரை மின்சார ரயில்தான். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931 முதல் மின்சார ரயில் ஓடுகிறது; அந்தத் தடத்தில் ஒரு வண்டியை விட்டால் சற்று நேரத்தில் அடுத்தது வந்துவிடும். தாம்பரத்துக்குத் தெற்கே அந்தச் சலுகை கிடையாது: பல வண்டிகள் தாம்பரத்தோடு திரும்பிவிடுவதால், செங்கல்பட்டிலிருந்து வருவதைத் தவறவிட்டால் அன்றைய வருகைப் பதிவே தவறிப்போகும். ஊரப்பாக்கத்தில் ஏறும்போது உட்கார இடமிருப்பதில்லை. இந்த வழியில் குடும்பங்கள் பெருகிய அளவுக்கு ரயில்கள் பெருகவில்லை என்பதே என் முதல் புகார். பணிநேரத்தை ஒரு மணி நேரம் தள்ளித் தொடங்க அனுமதி கேட்டு விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். மேலாளர் ஜூலையில் பார்க்கலாம் என்கிறார்.