திறந்து கிடக்கும் கதவும் இரண்டு வயதுப் பிள்ளையும்

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே இறங்குகிற ஒழுங்கைகளில் குடியிருப்பவர்களுக்கு, வாசலைத் தாண்டினால் என்ன இருக்கிறது என்று யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. மேலே ஏறினால் ஒன்றையொன்று முந்தப் பார்க்கும் பேருந்துகளோடு காலி வீதி. கீழே இறங்கினால் மெரைன் டிரைவ், அதைக் கடந்ததும் கரையோரப் புகையிரதப் பாதை, அதற்கும் அப்பால் பாறைகளும் கடலும். நன்றாக நடக்கத் தொடங்கிவிட்ட இரண்டு வயதுப் பிள்ளை, எங்கும் நின்று வேடிக்கை பார்க்காவிட்டால், ஒரு நிமிடத்தில் முப்பது நாற்பது மீற்றர் தூரம் போய்விடும். குசினியில் பருப்புக்குத் தாளித்து இறக்குகிற நேரம் அதற்குத் தாராளமாகப் போதும்.

இந்தப் பேச்சு வந்தாலே எல்லோரும் பூட்டைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பூட்டு வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இந்த வயதில் ஒரு மகனை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசலைக் கவனித்துப் பார்த்ததில் எனக்குத் தெளிவானது ஒன்று உண்டு: சின்னப் பிள்ளை கதவைத் திறந்துகொண்டு போவது குறைவு, பெரியவர்கள் திறந்து விட்ட கதவால் போவதுதான் அதிகம். தண்ணீர்ப் போத்தல் கொண்டு வருபவர், மாலையில் ரியூஷனுக்கு வரும் பிள்ளைகள், பேப்பர் வாங்க இறங்கும் மாமா, குப்பையை வைத்துவிட்டு ஒரு நொடியில் திரும்புவதாக நினைத்துப் போகும் நான் என்று, ஒரு நாளில் அந்தக் கதவைத் தொடுகிற கைகள் பல. அதில் யார் கடைசியாகச் சாத்தினார் என்பது யாருக்கும் தெரியாது.

ஆட்கள் நிறைந்திருக்கும் நாள்தான் இன்னும் மோசம். தனியாக இருக்கும் தாய் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை பிள்ளையைத் தேடிப் பார்ப்பாள். பத்துப் பெரியவர்கள் இருக்கும் வீட்டிலோ ஒவ்வொருவரும் மற்ற ஒன்பது பேரும் பார்க்கிறார்கள் என்று நம்பிக்கொண்டு இருப்பார்கள். அதிலும் விருந்தினர் விடைபெறும் நேரத்தைக் கவனித்திருக்கிறீர்களா? "அப்ப வாறம்" என்று எழும்பிய பின்னர் விறாந்தையில் ஒரு கதை, படியில் ஒரு கதை, கேற்றடியில் ஒரு கதை என்று கால் மணித்தியாலம் போகும். வாசற்கதவும் கேற்றும் ஒரே நேரத்தில் அகலத் திறந்து கிடக்கும். பெரியவர்களின் கண்கள் எல்லாம் ஒருவர் முகத்தில் ஒருவர் இருக்கும். கால்களுக்கிடையில் நுழைந்து, போகிறவர்களின் பின்னாலேயே பிள்ளை நடக்கும். கையசைத்து ரா ரா காட்டப் பழக்கிய நாமே அது பின்னால் போவதைப் பிழை சொல்ல முடியாது. ஆகவே எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஆட்கள் கூடும் நாளில் பிள்ளை ஒருவரின் பொறுப்பு, அவர் எழும்பிப் போக வேண்டுமென்றால் இன்னொருவரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு "பிள்ளை இப்ப உங்களிட்ட" என்று சொல்லி, அவர் "ஓம்" என்று வாய் திறந்து சொன்ன பிறகே நகர வேண்டும். தலையாட்டல் கணக்கில் இல்லை. உறவினர் சிலர் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும்.

பிள்ளையை இழுப்பது எது என்பதையும் அந்தந்த வீட்டார் யோசிக்க வேண்டும். கொழும்பில் அதற்கு முதலிடம் இசை போட்டபடி பாண் கொண்டு வரும் முச்சக்கர வண்டிக்குத்தான். அந்த இசை ஒழுங்கை முனையில் கேட்டதும் எங்கள் மகன் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவான், அதே நேரத்தில் வீட்டில் யாரோ ஒருவர் பாண் வாங்கக் கதவைத் திறப்பார். இரண்டும் ஒரே கணத்தில் நடப்பதால் இதற்கு எந்தப் பூட்டும் உதவாது. பாண் வாங்கப் போகிறவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவதே எங்களுக்குச் சரிவந்த வழி. அவனுக்கும் அதில் ஒரு சந்தோசம், ஒரு முதலை வடிவக் கிம்புலா பணிசும் லாபம்.

இனிப் பூட்டுக்கு வருகிறேன். உருண்டைப் பிடியைத் திருகுவதை விட, கீழே அழுத்தித் திறக்கும் நீளப் பிடியைத் திறப்பது சின்னக் கைக்கு மிக எளிது. ஒரு தடவை தொங்கிப் பார்த்தால் போதும். புதிய தொடர்மாடி வீடுகளில் பெரும்பாலும் இந்த நீளப் பிடிகளே இருக்கின்றன. அதனால் கதவின் மேற்பக்கத்தில், பெரியவர் கையை உயர்த்தித் தொடும் உயரத்தில், ஒரு தாழ்ப்பாளைக் கூடுதலாகப் போட்டோம். கதிரையை இழுத்து வந்து ஏறுகிற வயதில் அதுவும் போதாது என்பதால், வாசலுக்கு அருகே இருந்த சப்பாத்துப் பெட்டியையும் பிளாஸ்ரிக் கதிரையையும் உள்ளே தள்ளி வைத்தோம். முதலில் என் கணவர் இரும்புக் கிறில் கேற்றுக்கு ஆமைப்பூட்டுப் போட்டுத் திறப்பை அலுமாரியில் வைக்கலாம் என்றார். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்திருந்த மாமிதான் மறித்தார்: "உப்பிடிப் பூட்டிவைச்சா, இரவில நெருப்புப் பிடிச்சா நாங்கள் எதால ஓடுறது?" மாமியின் பக்கமே நியாயம் இருந்தது. உள்ளே இருந்து திறக்கவும் திறப்புத் தேவைப்படுகிற பூட்டை, வீட்டில் ஆட்கள் இருக்கும்போது போடக் கூடாது. பிள்ளைக்கு எட்டாததாகவும், இருட்டில் கிழவிக்கும் கைதடவித் திறக்கக் கூடியதாகவும் இருப்பதுதான் தாழ்ப்பாள்.

தாழ்ப்பாளைப் போட மறக்கும் வீடுகளுக்குச் சத்தம் கைகொடுக்கும். ஹாட்வெயர் கடைகளில் சிறிய கதவு அலாரம் கிடைக்கிறது. காந்தம் உள்ள துண்டு கதவில், பற்றரி உள்ள துண்டு நிலையில். கதவு திறந்து இரண்டும் விலகியவுடன் அது அலறும். ஒரு பித்தளை மணியைக் கதவில் கட்டினாலும் பாதி வேலை முடிந்துவிடும். பழைய காலத்துச் சதங்கைக் கொலுசையும் இந்த வரிசையில்தான் சேர்ப்பேன்: அழகுக்குப் போட்டதாகச் சொன்னாலும், பிள்ளை எந்த அறையில் நிற்கிறது என்று குசினியில் இருந்தே அறிய அதைவிட மலிவான கருவி இல்லை. ஆனால் சத்தம் நின்றால் எழும்பிப் பார்க்கிற ஆள் வேண்டும். சிசிரிவி கமராவில் எனக்கு நம்பிக்கை குறைவு. பிள்ளை எந்தப் பக்கம் போனது என்று பிறகு பார்க்க உதவுமே தவிர, போவதை அது தடுக்காது.

தொடர்மாடியில் மேல்தளத்தில் இருக்கிறோம், வீதிப் பயம் இல்லை என்று ஆறுதல் கொள்பவர்கள் லிஃப்டை மறந்துவிடுகிறார்கள். திறந்திருக்கும் லிஃப்டுக்குள் பிள்ளை நுழைந்துவிட்டால், கீழே யாராவது பொத்தானை அழுத்திய மறுகணம் அது நேரே வாகனத் தரிப்பிடத்தில் போய் நிற்கும். கீழே இருக்கும் காவலாளிக்கு உங்கள் பிள்ளையின் முகம் தெரிந்திருக்க வேண்டும், "பெரியவர் இல்லாமல் இவனை வெளியே விடாதீர்கள்" என்று அவருக்கு விளங்கும் மொழியில் சொல்லியும் இருக்க வேண்டும். ஒழுங்கை முனைக் கடைக்காரருக்கும், வழக்கமாக அங்கே நிற்கும் ஓட்டோக்காரருக்கும் இதே அறிமுகம் நல்லது. பல்கனிக் கம்பிகளின் இடைவெளி பத்துச் சென்ரிமீற்றருக்கு மேல் இருந்தால் வலை அடியுங்கள், பூந்தொட்டியையும் கதிரையையும் கம்பியோரம் வைக்காதீர்கள்.

ஓட்டிசம் உள்ள பிள்ளைகளின் வீடுகளில் இது இரண்டு மூன்று வயதோடு முடிந்துபோகும் கவலை அல்ல. 2012இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், அத்தகைய பிள்ளைகளில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் நான்கு வயதுக்குப் பிறகு ஒரு முறையாவது வீட்டையோ பாதுகாப்பான இடத்தையோ விட்டு வெளியேற முயன்றதாகப் பெற்றோர் சொல்லியிருந்தார்கள். அவர்கள் பல வேளைகளில் மனதுக்குப் பிடித்த ஓர் இடத்தைக் குறிவைத்தே போகிறார்கள், அந்த இடம் தண்ணீராக இருந்துவிடுவதும் உண்டு. "வளர்ப்புச் சரியில்லை" என்று அந்தத் தாய்மாரைப் பார்த்துச் சொல்லும் அயலவர்கள், அந்த வாயைக் கொஞ்சம் மூடிக்கொண்டு கேற்றையும் மூடிவிட்டுப் போனால் உபகாரமாக இருக்கும்.

பேசத் தொடங்கிய பிள்ளைக்கு அம்மாவின் பெயர் "அம்மா" என்றுதான் தெரியும். முழுப் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் பாட்டுப் போலச் சொல்லிக் கொடுக்கலாம். அது பிடிபடும் வரை, திருவிழா, கடற்கரை என்று வெளியே போகும் நாட்களில் இலக்கத்தைச் சட்டையின் உட்புறத்தில் எழுதிவிடலாம். இந்த ஊரில் இதற்கு இன்னொரு பயனும் உண்டு: தமிழ் மட்டும் பேசும் பிள்ளையைச் சிங்களம் மட்டும் தெரிந்த ஒருவர் கண்டெடுத்தால், அந்த இலக்கம் மொழி தெரியாமலே வேலை செய்யும்.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு நாள் பிள்ளையைக் காணவில்லை என்றால், வீட்டுக்குள் கட்டிலின் கீழும் அலுமாரிக்குள்ளும் தேடுவதற்கு ஒருவரை விட்டுவிட்டு, மற்றவர்கள் உடனே தண்ணீர் இருக்கும் இடங்களுக்கு ஓட வேண்டும்: குளியலறை வாளி, நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியின் மூடி, கால்வாய், கடல். மூழ்கும் பிள்ளை சத்தம் போடாது, சில நிமிடங்களே அவகாசம் இருக்கும். வீதியில் நிற்கும் பிள்ளையையோ நாலு பேர் காண்பார்கள். ஆட்கள் இருந்தால் ஒருவர் காலி வீதிப் பக்கமும் ஒருவர் புகையிரதப் பாதைப் பக்கமும் அதே நேரத்தில் பிரிந்து போகலாம். நிறுத்தி வைத்திருக்கும் வாகனங்களின் உள்ளேயும் கட்டாயம் பாருங்கள், வெயிலில் பூட்டிய கார் மிக விரைவில் கொதித்துவிடும். பொலிஸாருக்கு 119இல் அறிவிக்க ஒரு நாள் பொறுக்க வேண்டும் என்று சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சின்னப் பிள்ளை விடயத்தில் சில நிமிடங்கள் கூடப் பொறுக்கத் தேவையில்லை. பிள்ளை என்ன நிறத்தில் உடுத்தியிருந்தது என்பதுதான் அப்போது முதலில் கேட்கப்படும் கேள்விகளில் ஒன்று, பதற்றத்தில் அது பலருக்கு நினைவுக்கு வராது. அதற்காகவே, கூட்டமான இடங்களுக்குப் புறப்படும்போது வாசலில் வைத்து மகனைக் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன்.