பாத்து விளையாடு

ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு பையனிடம் "பாத்து விளையாடு" என்று சொன்னேன். ஃபுட்பாலில் அப்படி ஒன்று கிடையாது என்று ஒரு பிசியோவுக்குத் தெரியாதா? ஓடுகிற வேகத்தில் காலை ஊன்றி உடம்பைத் திருப்பும் அந்த அரை நொடியில் யாரும் எதையும் பார்ப்பதில்லை. முட்டி போவதும் அந்த அரை நொடியில்தான்.

இடது முட்டிக்குள் இருக்கும் ஏசிஎல் என்ற ஜவ்வு அறுந்து, ஆபரேஷன் முடிந்து அப்போது ஆறரை மாதம். ஓடினான், வளைந்தான், பந்தை உதைத்தான். பார்க்கிறவர்களுக்குக் குறை எதுவும் தெரியாது. முட்டிச் சில்லுக்குப் பத்து சென்டிமீட்டர் மேலே டேப்பைச் சுற்றி அளந்தேன். இடது தொடை வலதைவிட இரண்டரை சென்டிமீட்டர் சிறுத்திருந்தது. ஒற்றைக் காலில் தாவச் சொன்னேன். வலது காலில் தாவிய தூரத்தில் 80 சதவீதம்தான் இடதில் வந்தது. குறைந்தது 90 வர வேண்டும். அறுந்த ஜவ்வுக்குப் பதிலாகத் தொடையின் பின்பக்கத்திலிருந்து எடுத்து வைத்த தசைநாண் உண்மையான ஜவ்வு போல மாற ஒரு வருடத்துக்கு மேலேகூட ஆகும். ஆனால் வலி அதற்கு முன்பே போய்விடும். ஆளை ஏமாற்றுவதே அதுதான். முதல் ஒன்பது மாதத்தில், களமிறங்குவதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மறுபடி அடிபடும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்று 2016-ல் வந்த நார்வே ஆய்வை நான்தான் கிளப்பில் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான்கு நாளில் ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைக்கான செலக்‌ஷன். "இன்னும் ரெண்டு மாசத்துல வயசு தாண்டிடும்க்கா" என்றான். அந்தக் கோட்டாவில் பல இடங்களில் 25 வயதுதான் எல்லை. வடசென்னை வியாசர்பாடிப் பையனுக்கு ஃபுட்பால் என்றால் என்ன, அந்த வேலை என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை.

"ரொனால்டோவுக்கும் முட்டிதானேக்கா போச்சு? 2002 வேர்ல்ட் கப்புல வந்து எட்டு கோல் போடலயா?"

பிரேசில் ரொனால்டோ. அவருக்கு அறுந்தது முட்டிச் சில்லுக்குக் கீழே இருக்கும் தசைநாண், வேறு காயம். அது கிடக்கட்டும். 2002-க்கு முன்னால் ஒரு 2000 இருக்கிறது. ஆபரேஷன் முடிந்து ஐந்தே மாதத்தில் ரோமில் லாசியோ அணிக்கு எதிராக இறங்கி, சில நிமிடங்களில், யாரும் தொடாமலே விழுந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு கதறினார். அதை நான் சொல்லியிருக்க வேண்டும். என் நாக்கு நுனிவரை வந்தது. அவன் முகத்தைப் பார்த்தேன். "சரி, பாத்து விளையாடு" என்றேன்.

செலக்‌ஷன் ஆட்டத்தில் இருபதாவது நிமிடம் விழுந்தானாம். பக்கத்தில் யாருமே இல்லையாம். இந்த முறை முட்டிக்குள் மெத்தை மாதிரி இருக்கும் மெனிஸ்கஸும் சேர்ந்து கிழிந்து, ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள்.

நான் தடுத்திருந்தாலும் போயிருப்பான். ஆபரேஷன் செய்த டாக்டரே லேசாக ஆடலாம் என்று சொல்லியிருந்தார். கிளப்பும் ஒன்றும் கேட்கவில்லை. இதையெல்லாம் எனக்கு நானே பல முறை சொல்லிக்கொண்டாயிற்று. ஆனால் அன்று மாலை கிளப்புக்குக் கொடுத்த ரிப்போர்ட்டில் "இன்னும் 10 வாரம் ஆட்டம் கூடாது" என்று என் கையால் எழுதினேன். காகிதத்தில் கூடாது, அவனிடம் பாத்து விளையாடு. அந்தக் காகிதம் யாரைக் காப்பாற்ற எழுதியது என்பதை என்னால் மழுப்ப முடியவில்லை.

இந்த வருடம் அவனைப் பெரம்பூர் ஸ்டேஷனில் பார்த்தேன். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியாக இரண்டு காலையும் வைத்து வைத்து இறங்கினான். 32 வயது. ஏசிஎல் அறுந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பத்து, இருபது வருடத்தில் மூட்டுத் தேய்மானம் வரும் என்று படித்தது வேறு, அந்தக் கையையும் கம்பியையும் பார்த்தது வேறு. "கல்யாணத்துல சம்மணம் போட்டு உக்கார முடியலக்கா, நின்னுட்டே இருப்பேன்" என்றான். கணுக்கால் வலி தாங்காமல் காலை வெட்டிவிடுங்கள் என்று டாக்டரிடம் போய்க் கேட்டதாக அர்ஜென்டினா ஃபுட்பால் வீரர் பாடிஸ்டூட்டாவே சொல்லியிருக்கிறார். அவருக்குப் பணம் இருந்தது, பெரிய டாக்டர்கள் இருந்தார்கள். இவனுக்கு ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை.

"நீங்க சொன்ன மாதிரி பாத்துதான்க்கா விளையாடினேன்" என்றான். குத்திக்காட்டவில்லை. நான் தப்பாக நினைத்துக்கொள்ளக் கூடாதே என்று சொன்னான்.

போன மாதம் இன்னொரு பையன். அதே ஆபரேஷன் ஆகி எட்டரை மாதம் முடிந்திருந்தது, தாவல் 93 சதவீதம். முகத்துக்கு நேராக "கூடாது" என்றேன். அவன் இடத்துக்கு வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். அவனுடைய அம்மா போனில், "டெஸ்ட்டுல நல்லா வந்துருக்குன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க?" என்று கேட்டார். ஒன்பது மாதக் கணக்கைச் சொன்னேன். பதினைந்து நாள்தானே என்றார். அந்தப் பையனின் முட்டியைப் பார்த்துச் சொன்னேனா, பெரம்பூர் படிக்கட்டை நினைத்துச் சொன்னேனா என்று இப்போதுவரை எனக்குத் தெரியவில்லை.