மூஞ்சியப் பாத்தாலே தெரியும்லா

"மூஞ்சியப் பாத்தாலே தெரியும்லா அண்ணாச்சி, நல்ல மனுசன்னு."

டிவியில் ஒரு தலைவர் கையசைக்க, வண்ணாரப்பேட்டை டீக்கடையில் இன்று காதில் விழுந்தது.

1960 செப்டம்பர் 26, சிகாகோ. அமெரிக்க அதிபர் வேட்பாளர்களின் முதல் டிவி விவாதம். நிக்சனும் கென்னடியும் மோதினார்கள்.

நிக்சன் முழங்கால் தொற்றுக்கு ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தவர். மெலிந்துபோனதில் சட்டைக் காலர் தொளதொளத்தது. முறையான மேக்கப் வேண்டாமென்று, தாடி நிழலை மறைக்க ஒரு கடைப் பவுடரை மட்டும் அப்பிக்கொண்டார். விளக்குச் சூட்டில் வியர்த்துக் கொட்டியது. வெளிர் சாம்பல் கோட்டு வேறு. கறுப்பு வெள்ளைத் திரையில் ஆள் சுவரோடு கரைந்துபோனார்.

கென்னடிக்கு அடர்நிறக் கோட்டு, வெயில் பட்ட முகம். ஆரோக்கியத்தின் உருவம்!

ஆனால் நிஜ நோயாளி அவர்தான். அடிசன் நோய்: அட்ரினல் சுரப்பி போதிய ஹார்மோனைச் சுரக்காது, ஸ்டீராய்டு மருந்தில்தான் ஓட்டம். அந்த நோயில் தோலும் கறுக்கும். அவர் தரப்பு நோயையே மறுத்தது.

அதற்காக நிக்சன் யோக்கியரா? அதுவும் இல்லை. பின்னாளில் அதிபரான அவர் 1974 ஆகஸ்ட் 9-இல் பதவி விலகக் காரணம், அவரே வெள்ளை மாளிகையில் பதிய வைத்து, வாட்டர்கேட் குற்றத்தை அவர் மூடிமறைத்ததைக் காட்டிக்கொடுத்த ஒலிநாடாக்கள்.

அதில் மூஞ்சி கிடையாது. வெறும் குரல்தான்.