இன்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை

முதல் தடவை, மேடு ஏறுவதால்தான் இப்படி என்று நினைத்தேன். இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்குப் போகும் நேரத்தில் இன்ஜின் சுற்றைக் காட்டும் ஆர்பிஎம் முள் 2,500-லிருந்து 3,800-க்குத் தாவியது. வேகம் மட்டும் ஏறவில்லை. ஒரு நொடி கழித்து 'டொக்'கென்று பிடித்துக்கொண்டது. 20 வருட வண்டி, 1,80,000 கிலோமீட்டர் ஓடியது, நான்கு கியர் ஆட்டோமேட்டிக். அதன் மற்ற சத்தங்களெல்லாம் எனக்குப் பழக்கம்; இது புதுசு. காலையில் ஒழுங்காகத்தான் கிளம்பும். அரை மணி நேரம் ஓடிச் சூடேறிய பிறகுதான் இந்தச் சேட்டை.

முதல் மெக்கானிக் ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு, இறங்கும்போதே "கியர்பாக்ஸ் போச்சு சார், இறக்கிடலாம்" என்றார். ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கைக்கூட உருவிப் பார்க்கவில்லை. யோசித்துச் சொல்வதாகச் சொல்லி வந்துவிட்டேன்.

சரி, கியர்பாக்ஸ் ஆயிலாவது பார்ப்போம் என்று நானே அதன் டிப்ஸ்டிக்கை உருவினேன். சரியான அளவில் இருந்தது. இரண்டு நாள் நிம்மதியாக இருந்தேன். அப்புறம்தான் கையேட்டைப் புரட்டினேன். நான் பார்த்தது இன்ஜின் ஆயில் பார்க்கும் முறை, அதாவது வண்டியை அணைத்துவிட்டு. இந்த வண்டியில் கியர்பாக்ஸ் நன்றாகச் சூடாகியிருக்க வேண்டும், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், பிரேக்கை மிதித்தபடி லீவரை எல்லா நிலைக்கும் ஒருமுறை கொண்டுபோய்விட்டு பார்க்கில் நிறுத்திப் பார்க்க வேண்டும். அணைத்துவிட்டால் மேலே சுற்றிக்கொண்டிருக்கும் எண்ணெய், கியர்பாக்ஸின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியான பேனில் (pan) வடிந்து, அளவைக் கூட்டிக் காட்டும். (எல்லா வண்டிக்கும் இதே முறை இல்லை. சிலவற்றில் அணைத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும், சிலவற்றில் டிப்ஸ்டிக்கே கிடையாது.) முறைப்படி பார்த்தபோது எண்ணெய் கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தது. புதிதில் சிவப்பாக இருக்க வேண்டியது பழுப்பாகி, லேசாகத் தீய்ந்த வாடை வேறு.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் எண்ணெய் வெறும் வழுவழுப்புக்காக இல்லை. கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிப்பதே அதன் அழுத்தம்தான். அளவு குறைந்தால் பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சும், பிடி தளரும். சூடானால் எண்ணெய் நீர்த்துப்போய், தேய்ந்த சீல்களின் வழியே இன்னும் சுலபமாகக் கசியும். காலையில் நல்ல பிள்ளையாக இருந்ததன் ரகசியம் இதுதான்.

குறைந்த எண்ணெய் எங்கே போனது? தரையில் ஒரு சொட்டு இல்லை. அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டைக் கழற்றினேன். கியர்பாக்ஸ் எண்ணெயைக் குளிர வைக்க ரேடியேட்டருக்குக் கொண்டுபோகும் கூலர் ஹோஸின் கிளாம்ப் தளர்ந்து, கசிந்ததெல்லாம் அந்தத் தட்டிலேயே தேங்கியிருந்தது. ஹோஸையும் கிளாம்பையும் மாற்றினேன்.

அடுத்து பேனைத் திறந்தேன். உண்மையில் பயந்தது இங்கேதான். உள்ளே இருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறக் களிம்பு ஒட்டியிருந்தது. அது சகஜமான தேய்மானம். துண்டு துண்டாக இரும்பு கிடந்தால்தான் கதை முடிந்தது, கிடக்கவில்லை. ஃபில்டரையும் கேஸ்கட்டையும் மாற்றி, கையேடு சொன்ன ரக ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய்) ஊற்றினேன். மொத்தம் சுமார் 6 லிட்டர் பிடிக்கும், ஆனால் பேன் வழியாக வெளியேறுவது 2.5 லிட்டர்தான். மீதி, இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர் போன்ற இடங்களில் தங்கிவிடும். அதனால் 500 கிலோமீட்டர் இடைவெளியில் மூன்று தடவை மாற்றினேன். அப்படியும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பழையதுதான். மிஷின் வைத்து மொத்தமாகக் கழுவிவிடலாம் என்றார்கள், நான் ஒப்புக்கொள்ளவில்லை. புது எண்ணெய் பழைய கியர்பாக்ஸைக் கொன்றுவிடும் என்ற பேச்சை நான் முழுதாக நம்புவதில்லை. சாகக் கிடக்கும்போது கடைசி நம்பிக்கையாக ஆயில் மாற்றுகிறார்கள், பழி ஆயில் மேல் விழுகிறது. ஆனாலும் இந்த வயதில் அழுத்தம் கொடுத்துக் கழுவ மனம் வரவில்லை.

கியர் பிடிக்காமல் நழுவும் அந்த வழுக்கல் பாதியாகக் குறைந்தது, போகவில்லை.

இரண்டாவது மெக்கானிக் வண்டியைத் தொடுவதற்கு முன்னாலேயே, "த்ராட்டில் பாடியில யாராவது கை வச்சாங்களா?" என்று கேட்டார். ஆமாம், இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் அந்தப் பாகத்தை நாலு மாதம் முன்பு கழற்றிச் சுத்தம் செய்திருந்தோம். அங்கிருந்து கியர்பாக்ஸுக்கு ஒரு கேபிள் போகிறது. ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதிக்கிறோம் என்பதைக் கியர்பாக்ஸுக்குச் சொல்வது அந்தக் கேபிள்தான். அதைப் பொறுத்தே உள்ளே அழுத்தம் கூடும். இந்த கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் இல்லாத பழைய ரகம், ஸ்கேனர் போட்டாலும் எதுவும் தெரியாது. பிரஷர் கேஜை மாட்டிப் பார்த்தார், முள் சோம்பலாக ஏறியது. ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தால் கேபிளில் 1 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டிய இடைவெளி, என் வண்டியில் 6 மில்லிமீட்டர் இருந்தது. இரண்டு நட்டுகளைத் திருகினார், பத்து நிமிட வேலை. ரொம்ப இழுத்துக் கட்டினால் கியர் தாமதமாக, முரட்டுத்தனமாக மாறும் என்று சொல்லி, இரண்டு முறை ஓட்டிப் பார்த்தே நட்டை இறுக்கினார்.

இது நடந்து 14 மாதம் ஆகிறது. மூன்றாவது கியர் விழும்போது ஆர்பிஎம் முள் இன்னும் ஒரு 200 ஏறி இறங்குகிறது. தளர்ந்த பிடியோடு ஓட்டிய மாதங்களில் கிளட்ச் தட்டுகள் கொஞ்சம் தேய்ந்திருக்கும், தேய்ந்தது இனி திரும்பி வராது. மாதம் ஒருமுறை சூடாக வைத்து டிப்ஸ்டிக்கைப் பார்க்கிறேன். அந்த 200 என்றைக்கு 500 ஆகிறதோ, அன்றைக்கு கியர்பாக்ஸை இறக்குவதாக இரண்டாவது மெக்கானிக்கிடம் பேசி வைத்திருக்கிறேன்.