முதலில் எண், பிறகுதான் ஊர்: நெட்டால் போன பாட்டனைத் தேடும் வழி

ஒப்பந்தக் கூலியாகக் கப்பல் ஏறிய பாட்டனின் ஊரைத் தேடி, தென்னாப்பிரிக்காவின் நெட்டால் பகுதியில் உள்ள டர்பனிலிருந்து சென்னைக்கு வருகிறவர்கள் பலர், இறங்கிய மறுநாளே எழும்பூர் காந்தி இர்வின் சாலையில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் போய் நிற்கிறார்கள். கையில் முனுசாமி என்று ஒரு பெயர். கூடவே, மெட்ராஸில் கப்பல் ஏறினார் என்ற குடும்பப் பேச்சு. இந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு எழும்பூரில் ஒருவரைக் கண்டுபிடிக்க முடியாது. அங்கே உள்ளவை அரசு நடவடிக்கைக் குறிப்புகள். குடியேற்றம் எப்படி நடந்தது, அரசு என்ன முடிவெடுத்தது என்பதை அவற்றில் படிக்கலாம். ஆள்வாரியாகப் பெயர், தகப்பன் பெயர், கிராமம் எழுதிய பட்டியல் போய்ச் சேர்ந்த நாட்டில்தான் இருக்கிறது. தேடலை அங்கே தொடங்கிச் சென்னையில் முடிக்க வேண்டும். மாற்றிச் செய்தால் லீவும் டிக்கெட் காசும் வீண்.

1860 அக்டோபரில் மெட்ராஸிலிருந்து கிளம்பிய ட்ரூரோ என்ற கப்பல், 342 பேரோடு நவம்பர் 16 அன்று டர்பன் போய்ச் சேர்ந்தது. அன்று தொடங்கி 1911 வரை நெட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். இதில் பெரும்பகுதி மெட்ராஸில் ஏறியவர்கள், மற்றவர்கள் கல்கத்தாவில் ஏறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். அங்குள்ள குடும்பங்கள் அதைக் கலோனியல் நம்பர் என்கின்றன. தேடலுக்கு உண்மையான சாவி அதுதான். பட்டியலில் முனுசாமிகள் ஏராளம், ஆனால் ஓர் எண்ணுக்கு ஒரே ஆள்.

எண்ணை எங்கே தேடுவது? பழைய பிறப்பு, திருமணச் சான்றுகளில் பெயருக்குப் பக்கத்திலேயே எழுதியிருப்பார்கள். அதே நெட்டாலில் உள்ள பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகத்தின் சொத்துக் கோப்புகளில் மரண அறிவிப்புத் தாள் இருக்கும், அதையும் பாருங்கள். ஒப்பந்தம் முடிந்த பிறகு அங்கேயே தங்கியவர்கள் மேல் 1895 சட்டம் ஆண்டுக்கு 3 பவுண்டு வரி போட்டது. அந்த ரசீது வீட்டில் எங்காவது மடித்துக் கிடந்தால் அதையும் விடாதீர்கள். பிள்ளையின் பிறப்புச் சான்றில் தகப்பன் எண்ணோடு தாயின் எண்ணும் இருந்தால் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். கப்பல் பட்டியலில் பாட்டனின் பதிவில் கிராமம் அழிந்திருந்தாலும் பாட்டியின் பதிவில் தெளிவாக இருக்கலாம். பாட்டியை யாரும் தேடுவதில்லை, அது பெரிய தப்பு.

ஆண்டையும் சரிபார்க்க வேண்டும். 1866-க்குப் பிறகு 1874 வரை நெட்டாலுக்கு ஆள் அனுப்புவது நின்றிருந்தது. ஒப்பந்தம் முடிந்து 1871-இல் திரும்பியவர்கள் அங்கே நடந்த கொடுமைகளை மெட்ராஸில் முறையிட்டார்கள். விசாரணை முடிந்து, விதிகள் மாறிய பிறகுதான் மறுபடி கப்பல் போனது. ஆகவே 1870-இல் போனார் என்று வீட்டில் சொன்னால் அந்த ஆண்டு தவறு, அல்லது அவர் வேறு வழியாகப் போயிருக்க வேண்டும். தாது வருஷப் பஞ்சத்தில் போனார் என்று சொன்னால் அது பொருந்தும். அது 1876 முதல் 1878 வரை.

கப்பல் பட்டியல்களின் மூலப்பிரதி டர்பன் காப்பகத்தில் இருக்கிறது. தட்டெழுதிய பிரதி குவாசுலு நெட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதூலி ஆவண மையத்தில் இருக்கிறது. தட்டெழுதிய பிரதியில் எண்ணைக் கண்டுபிடியுங்கள், ஆனால் கிராமத்தை மூலப்பிரதியின் படத்தைப் பார்த்துத்தான் படிக்க வேண்டும். அந்தக் காலக் கையெழுத்தில் ஆங்கில n எழுத்தும் u எழுத்தும் ஒன்றுபோலத் தெரியும். T எழுத்தும் F எழுத்தும் மயக்கும். தமிழ் தெரியாத ஒருவர் அதைப் படித்துத் தட்டெழுதினால் ஊர் இன்னொரு முறை உருமாறிவிடும்.

உதாரணத்துக்கு ஒரு வரி இப்படி இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். பெயர் மூன்சாமி, தகப்பன் கூப்பன், வயது 24, ஜில்லா நார்த் ஆற்காட், தானா வாண்டிவாஷ், கிராமம் டெல்லார், உயரம் 5 அடி 4 அங்குலம், இடது முழங்காலில் வடு. இதைக் கண்ணால் படிக்காமல் வாய்விட்டுப் படியுங்கள். எழுதிய குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதினார், நாமும் காதால்தான் திருப்பிப் படிக்க வேண்டும். மூன்சாமி முனுசாமி. கூப்பன் குப்பன். தானா (போலீஸ் சரகம்) என்ற கட்டத்தில் மெட்ராஸ் ஆட்களுக்குப் பெரும்பாலும் தாலுகாதான் இருக்கும், ஆக வாண்டிவாஷ் வந்தவாசி. வந்தவாசிப் பக்கம் டெல்லார் என்றால் தெள்ளார், நந்திவர்மப் பல்லவன் போரில் வென்ற அதே தெள்ளாறு. டர்பனில் உட்கார்ந்து இதை யாரும் ஊகிக்க முடியாது, நம் காதுக்கு அரை நிமிடம் போதும். சென்னையில் இருக்கிறவர்கள் செய்யக்கூடிய பெரிய உதவி இதுதான். உயரமும் வடுவும் ஊரைக் கண்டுபிடிக்க உதவாது. ஆனாலும் அவற்றைப் படியெடுத்துக் குடும்பத்துக்குக் கொடுங்கள், அந்த மனிதரின் உடம்பைப் பற்றி மிஞ்சியிருப்பது அவ்வளவுதான்.

பழகினால் பல பெயர்கள் உடனே பிடிபடும். காஞ்சீவரம் காஞ்சிபுரம், சிங்கிள்புட் செங்கல்பட்டு, டாஞ்சூர் தஞ்சாவூர், நெகபட்டாம் நாகப்பட்டினம், வெர்தாச்செல்லம் விருத்தாசலம். ஊர்ப்பெயரின் கடைசித் துண்டை முதலில் பிடியுங்கள்: பாக்கம், குப்பம், நல்லூர், பட்டு. அது தெரிந்துவிட்டால் முன்பாதியைத் தேடும் வேலை சுருங்கும். ழ எப்படி எழுதப்பட்டிருக்கும் என்று மட்டும் சொல்ல முடியாது. ஆங்கில L எழுத்தாகவும் R எழுத்தாகவும் வரும், இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

அடுத்து ஜில்லா. அன்றைய வட ஆற்காடு இன்று ஒரே மாவட்டம் இல்லை. 1989-இல் அது வேலூர்ப் பக்கம், திருவண்ணாமலைப் பக்கம் என்று பிரிந்தது. 2019-இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. தென் ஆற்காடு 1993-இல் கடலூர், விழுப்புரம் ஆகி, 2019-இல் கள்ளக்குறிச்சியும் தனியானது. அதிகம் தடுமாற வைப்பது சித்தூர். 1911 வரை சித்தூர், சந்திரகிரி, பலமனேர் எல்லாம் வட ஆற்காட்டில்தான் இருந்தன. வட ஆற்காடு என்றதும் வேலூரைச் சுற்றித் தேடிக் களைத்துப்போகிறவர்கள் தேடும் ஊர் ஆந்திராவில் இருக்கலாம்.

தாலுகா தெரிந்ததும், தமிழக அரசின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' நிலப்பதிவுத் தளத்தைத் திறந்து பட்டா பார்க்கும் பக்கத்துக்குப் போங்கள். மாவட்டம், வட்டம் தேர்ந்தெடுத்தால் வருவாய்க் கிராமங்களின் பெயர்ப் பட்டியல் இறங்கும். பட்டா எண் தேவையில்லை, அந்தப் பட்டியல்தான் வேண்டும். பழைய எழுத்துக்கூட்டலோடு ஒப்பிட்டு இரண்டு மூன்று ஊர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். தாலுகா எல்லைகளும் மாறியிருக்கின்றன, பக்கத்து வட்டத்தையும் பாருங்கள். எதுவும் பொருந்தவில்லை என்றால் அது குக்கிராமமாக இருக்கும், ஏனென்றால் ஒரு வருவாய்க் கிராமத்துக்குள் பல குக்கிராமங்கள் அடங்கும், அவற்றின் பெயர் இந்தப் பட்டியலில் வராது. அதற்குப் பழைய நில அளவை வரைபடம் வேண்டும். மாவட்டக் கையேடுகளும் கெசட்டியர்களும் கன்னிமாரா நூலகத்தில் உண்டு, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்திலும் பல கிடைக்கும்.

வேலைக்கு ஆகாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் கால மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டுவாரித் தாள்களைப் பாதுகாக்கவில்லை, மொத்த எண்ணிக்கைதான் மிஞ்சியது. கிராமப்புறப் பிறப்பு இறப்புப் பதிவுக்கு மெட்ராஸ் மாகாணத்தில் சட்டம் வந்ததே 1899-இல். 1880-களில் கப்பல் ஏறியவருக்குப் பிறப்புச் சான்று கேட்டு அலையாதீர்கள். பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டில் பட்டாதாரர் பெயர் மட்டும் இருக்கும். போனவர்களில் மிகப் பலர் கையளவு நிலமும் இல்லாதவர்கள், அதனால்தான் போனார்கள். அவர்கள் பெயர் அதில் இல்லாதது ஊர் தவறு என்பதற்குச் சாட்சி ஆகாது. கிறிஸ்தவக் குடும்பம் என்றால் மட்டும் நம்பிக்கை அதிகம், பங்குக்கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேளுங்கள்.

பட்டப்பெயரை நம்பி முடிவெடுக்க வேண்டாம். அங்கே கவுண்டர் கோவெண்டர் ஆனது, முதலி மூட்லி ஆனது. தகப்பன் பெயரே குடும்பப் பெயராகிப் போனவர்களும் நிறைய. சிலர் போன இடத்தில் புதிதாக ஒரு பட்டத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். பட்டியலில் ஜாதி என்ற கட்டத்தில் மலபார் என்று இருந்தால் அன்றைய வழக்கில் தமிழர் என்று பொருள், கேரளத்துக்கு ஓட வேண்டாம்.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மொரீஷியஸ் பதிவேடுகள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன, அதிர்ஷ்டம் இருந்தால் ஆளின் புகைப்படமே கிடைக்கும். ஃபிஜிக்கு மெட்ராஸிலிருந்து 1903-இல்தான் கப்பல் போகத் தொடங்கியது, குடியேற்றச் சீட்டுகள் சுவாவில் உள்ள தேசியக் காப்பகத்தில் உள்ளன. ரீயூனியன், மார்டினிக், குவாதலூப் என்றால் ஏறிய துறை பெரும்பாலும் புதுச்சேரி அல்லது காரைக்கால். பிரான்ஸின் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் நகரில் உள்ள, கடல்கடந்த நாடுகளுக்கான தேசியக் காப்பகம் அந்தத் தீவுகளின் குடிமைப் பதிவேடுகளை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. இலங்கைக்கும் மலேயாவுக்கும் கங்காணி மூலம் போனவர்களுக்கு இந்த மாதிரி ஆள்வாரிப் பட்டியலை எதிர்பார்க்க முடியாது.

ஊர் இரண்டு மூன்றாகச் சுருங்கிய பிறகு நேரில் போங்கள். பழைய கணக்குப்பிள்ளைகள் இப்போது இல்லை, அந்தப் பதவியை 1980-இல் எடுத்துவிட்டார்கள். கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்துக் குக்கிராமங்களின் பெயர்களையும், வழக்கொழிந்த பழைய பெயர்களையும் கேளுங்கள். பிறகு கோயில் பூசாரியிடம் போங்கள். கிளம்புவதற்கு முன்பே டர்பன் குடும்பத்தாரிடம் குலதெய்வத்தின் பெயர், என்ன படையல், எந்த மாதம், கிடா வெட்டா பொங்கலா என்று விவரமாகக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். நான்கு தலைமுறையில் மொழியை மறந்தவர்களும் அதை விடாமல் வைத்திருக்கிறார்கள். ஒரே பெயரில் மூன்று ஊர் இருந்தால் பிரித்துக் காட்டுவது அந்தச் சாமிதான். ஊருக்குள் நுழைந்ததும் ஜாதி கேட்டுத் தேடாதீர்கள், பேச்சு அங்கேயே நின்றுவிடும். சாமி பெயரைச் சொல்லிக் கேளுங்கள். எந்தத் தெருக்காரர்கள் அந்தச் சாமிக்குக் கும்பிடு போடுகிறார்கள் என்று ஊர்க்காரர்களே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்கள்.